19 வாக்கு வித்தியாசம், 60 தகராறுச் சீட்டுகள்: மறு எண்ணிக்கைக்கு முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: எங்கள் சங்கத்தின் செயலாளர் தேர்தல் காகிதச் சீட்டில் நடந்தது. ஐந்து சாவடிகள். பெட்டிகளில் இருந்தவை மொத்தம் 6,840 சீட்டுகள். ஒருவருக்கு 3,389, மற்றவருக்கு 3,370. எதுவும் குறிக்காத வெற்றுச் சீட்டுகள் 21. முகவர்கள் ஆட்சேபித்ததால் யார் கணக்கிலும் சேர்க்காமல் எடுத்து வைத்திருப்பவை 60. இதுபோக, வாக்குரிமை இல்லாத 34 பேர் வாக்களித்திருப்பது பட்டியலைச் சரிபார்த்தபோது பிறகுதான் தெரிந்தது. அவர்களுடைய சீட்டுகள் பெட்டியில் கலந்துவிட்டன. பின்தங்கியவர் மறு எண்ணிக்கை கேட்கிறார். தேர்தல் குழுவில் நானும் இருக்கிறேன். "எண்ணுவதில் அரை சதவீதம் தவறு எப்படியும் இருக்கும், வித்தியாசம் கால் சதவீதம்தான், ஆகவே இதைச் சமநிலை என்றே கொள்ள வேண்டும்" என்கிறார் குழுவில் ஒருவர். "60 சீட்டும் பாதிக்குப் பாதி பிரியும், 19 மாறவே மாறாது" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டையும் அப்படியே ஏற்க முடியாது. முதலாமவரின் வாதம் அடிப்படையிலேயே தவறு. இரண்டாமவரின் கணக்கு சரி. ஆனால் அவர் எதன்மேல் நின்று கணக்குப் போடுகிறாரோ அந்த ஊகம் பல தேர்தல்களில் பொய்த்திருக்கிறது. கீழே, முன்னிலையில் இருப்பவரை முந்தியவர் என்றும் மற்றவரைப் பிந்தியவர் என்றும் குறிப்பிடுகிறேன்.

கருத்துக் கணிப்பில் ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு லட்சம் பேரைப் பற்றிப் பேசுகிறோம். அதனால் அங்கே மாதிரிப் பிழை வருகிறது, "இந்த வித்தியாசம் பிழை வரம்புக்குள் இருக்கிறது" என்ற பேச்சுக்கும் பொருள் உண்டு. தேர்தல் அப்படியல்ல. 6,840 சீட்டும் உங்கள் கையில் இருக்கின்றன. இருக்கக்கூடிய பிழை எண்ணியவர்களின் பிழை மட்டும்தான், தேடினால் அது அகப்படும். அகப்படக்கூடிய ஒன்றைத் தேடாமல் "சமநிலை" என்று அறிவிப்பது, ஒருவர் பெற்ற வெற்றியை ஆதாரமில்லாமல் பறிப்பதாகும்.

அரை சதவீதம் என்ற எண்ணையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 6,759 வாக்குகளில் அரை சதவீதம் என்றால் ஏறத்தாழ 34 சீட்டுகள் தவறான அடுக்குக்குப் போயிருக்கின்றன என்று பொருள். அவை எல்லாம் ஒரே பக்கம் போயிருக்காது. ஒரு சீட்டு இடம் மாறினால் வித்தியாசத்தில் 2 மாறும். ஒருவருக்குக் கூட வேண்டியது மற்றவருக்குக் கூடிவிடுகிறது. 34 சீட்டுகள் இரு பக்கமும் சம வாய்ப்பில் சிதறினால் நிகர மாற்றத்தின் திட்ட விலக்கம் (எதிர்பார்த்த எண்ணிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்பதன் அளவு) 2 × √34, அதாவது சுமார் 12. முடிவு புரள வேண்டுமானால் வித்தியாசம் குறைந்தது 20 நகர வேண்டும், அதுவும் பிந்தியவர் பக்கமாகவே நகர வேண்டும். இதற்கான வாய்ப்பு 100-ல் 6 அளவு. ஆயிரத்துக்கு ஒரு சீட்டு மட்டுமே தவறியிருந்தால், அதாவது மொத்தம் ஏழு சீட்டு என்றால், ஏழும் ஒரே பக்கம் போயிருந்தாலும் வித்தியாசம் 14 தான் நகரும், முடிவு புரள வாய்ப்பே இல்லை.

ஆனால் கையால் எண்ணும்போது பெரிய தவறு ஒற்றைச் சீட்டில் நேர்வதில்லை, கட்டில் நேர்கிறது. ஐம்பது ஐம்பதாகக் கட்டினீர்கள் என்றால் இருவருக்கும் 67 முழுக் கட்டுகள், அவற்றுக்கு மேல் ஒருவருக்கு 39 சில்லறை, மற்றவருக்கு 20. ஒரே ஒரு கட்டின் மேல் தவறான பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தால் வித்தியாசம் ஒரே அடியில் 100 மாறும். ஒரு கட்டை இரு முறை பதிந்திருந்தால் 50 மாறும். 49 அல்லது 51 சீட்டு உள்ள கட்டு 1 மட்டுமே மாற்றும். ஆகவே, ஒவ்வொரு சீட்டையும் முறைத்துப் பார்ப்பதற்கு முன்னால், கட்டுகளின் பெயர்ச்சீட்டும் அவை கூட்டப்பட்ட தாளும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அரை மணி நேர வேலைதான். முடிவு புரளும் வழிகளில் மிகக் கொடியதை முதலில் அடைத்துவிடலாம்.

இனி அந்த 60. நாணயம் சுண்டுவதுபோல ஒவ்வொரு சீட்டும் சம வாய்ப்பில் இருவரில் ஒருவருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 60-ம் செல்லும் என்று முடிவானால், பிந்தியவர் வெல்ல 40 வேண்டும் (40 − 20 = 20, இது 19-ஐத் தாண்டுகிறது). எதிர்பார்ப்பு 30, திட்ட விலக்கம் √15, அதாவது 3.9. நாற்பதைத் தொட 1000-ல் 7 வாய்ப்பு. பாதி மட்டும் செல்லும் என்றால் 30-ல் 25 வேண்டும். அதற்கான வாய்ப்பு சுமார் 6,000-ல் 1. இதைத்தான் உங்கள் குழுவின் இரண்டாமவர் "மாறவே மாறாது" என்கிறார்.

இப்போது அந்த ஊகத்தை மட்டும் சற்று நகர்த்துவோம். ஒவ்வொரு சீட்டும் பிந்தியவருக்குப் போக 50-க்குப் பதில் 60 சதவீத வாய்ப்பு என்றால், நாற்பதைத் தொடும் வாய்ப்பு 1000-ல் 7-லிருந்து 100-ல் 18-க்குத் தாவுகிறது. 65 சதவீதம் என்றால் 100-ல் 45. சூத்திரம் அதேதான்; உள்ளே போட்ட ஓர் எண் மாறியதும் விடை தலைகீழாகிறது. அந்த ஓர் எண்ணைத்தான் நாம் அளக்கவே இல்லை, மொத்த வாக்குகள் பாதிக்குப் பாதி என்பதால் தகராறுச் சீட்டுகளும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டோம்.

அது நடப்பில் எப்படிப் பொய்க்கும் என்பதற்கு 2008-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நடந்த செனட் தேர்தல் நல்ல சான்று. சுமார் 29 லட்சம் வாக்குகள். முதல் எண்ணிக்கையில் நார்ம் கோல்மன் 215 வாக்கு முன்னிலை. கையால் மறுபடி எண்ணியபோது ஆல் ஃபிராங்கன் 49 வாக்கு முந்தினார். பிறகு, தவறாக நிராகரிக்கப்பட்டிருந்த 933 அஞ்சல் வாக்குகளை 2009 ஜனவரி 3-ல் பிரித்தார்கள். மாநிலம் முழுக்க இருவருக்கும் ஏறத்தாழச் சரிசமம். அந்த 933-ல் மட்டும் ஃபிராங்கனுக்கு 481, கோல்மனுக்கு 305. முன்னிலை 49-லிருந்து 225 ஆனது. இருவருக்கும் விழுந்த 786 வாக்குகளை நாணயமாகக் கருதினால் எதிர்பார்ப்பு 393, திட்ட விலக்கம் 14. வந்ததோ 481, ஆறு திட்ட விலக்கத்துக்கும் மேலே. தற்செயலில் இப்படி நடப்பதில்லை. அஞ்சலில் வாக்களிப்பவர்கள் சாவடிக்கு நேரில் வருபவர்களைப் போன்றவர்களே என்று கொள்ள முடியாது. எந்த இடத்தில் எவ்வளவு கண்டிப்பாக நிராகரித்தார்கள் என்பதும் ஒரே மாதிரி இருக்காது. கடைசியில் வழக்கும் முடிந்தபோது வித்தியாசம் 312.

ஆகவே உங்கள் 60 சீட்டுகள் எந்தச் சாவடியிலிருந்து வந்தன, எந்தக் காரணத்துக்காகத் தனியே போயின என்ற இரண்டு கேள்விகளும் எந்தச் சூத்திரத்தையும்விட முக்கியம். ஒரு தாளில் குறுக்கே ஐந்து சாவடிகளையும் நெடுக்கே ஆட்சேபக் காரணங்களையும் எழுதி, கட்டத்துக்குக் கட்டம் எண்ணிக்கையைப் போடுங்கள். காரணங்கள் பெரும்பாலும் இவைதான்: இரண்டு பேருக்கும் குறி, கோட்டின்மேல் குறி, கட்டத்துக்கு வெளியே குறி, வேறு பேனா, வாக்காளர் தன் பெயரையோ கையெழுத்தையோ போட்டது, சீட்டின் பின்புறம் அதிகாரியின் ஒப்பம் இல்லாதது. கடைசிக் காரணத்தைத் தனியே கவனியுங்கள். ஒப்பம் விடுபடுவது வாக்காளரின் தவறல்ல, அதிகாரியின் தவறு. அது நேர்ந்தால் ஒரே சாவடியில், ஒரே மணி நேரத்தில், வரிசையாக நேரும்.

60-ல் 40 சீட்டு அப்படி ஒரே சாவடியிலிருந்து வந்தவை என்று வையுங்கள். அந்த 40-ம் சேர்ந்தே செல்லும் அல்லது சேர்ந்தே செல்லாது. ஒரே விதி ஒரே தீர்ப்பு. அந்தச் சாவடி பிந்தியவருக்கு நூற்றுக்கு 75 வாக்களித்த இடமாக இருந்தால், 40-ல் 30 அவருக்கு, 10 மற்றவருக்கு. நிகரம் 20. தேர்தல் முடிவே மாறுகிறது. நாணயக் கணக்கு 60 தனித்தனி நாணயங்களைக் கற்பனை செய்தது. உண்மையில் உங்களிடம் இருப்பது ஒரு பெரிய நாணயமும் இருபது சிறு நாணயங்களும். 1000-ல் 7 என்பதெல்லாம் அங்கே பொருளற்றுப் போகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு, இதற்கு நிகழ்தகவே தேவையில்லை. குறியைப் பார்த்தால் யாருக்கென்று தெரிகிற சீட்டுகளை, செல்லுமா செல்லாதா என்ற தீர்ப்புக்குப் போகாமல், முகத்தோற்றத்தில் மட்டும் இரண்டாகப் பிரியுங்கள். முகவர் ஆட்சேபிப்பது பெரும்பாலும் எதிர்த் தரப்புக்கு விழுந்த சீட்டைத்தான். 60-ல் 41 முந்தியவருக்கான குறி, 19 பிந்தியவருக்கான குறி என்று வந்தால், பிந்தியவருக்கு நடக்கக்கூடிய மிக நல்லது என்ன? 41-ம் தள்ளுபடி, 19-ம் ஏற்பு. அப்போதும் அவர் 3,389-ஐத் தொடுவார், தாண்ட மாட்டார். இந்த 60-ஐ மட்டும் வைத்து அவரால் வெல்லவே முடியாது என்று ஒரு சீட்டின் செல்லுபடியையும் தீர்மானிக்காமலே தெரிந்துவிடும். மேல்வரம்பு, கீழ்வரம்பு இரண்டையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வரம்புக்குள் வெற்றி மாற இடமிருந்தால் மட்டுமே அடுத்த வேலை.

யார் எத்தனை ஆட்சேபம் கொடுத்தார்கள் என்பதிலிருந்து எதையும் ஊகிக்க வேண்டாம். மின்னசோட்டாவில் இரு தரப்பும் 6,600-க்கும் மேற்பட்ட சீட்டுகளை ஆட்சேபித்தன. பிறகு அவற்றில் பெரும்பகுதியைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டன. ஆட்சேபங்களின் எண்ணிக்கை முகவரின் உற்சாகத்தைக் காட்டும், சீட்டின் தகுதியைக் காட்டாது.

அந்த 34-க்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே கடினமான பகுதி இதுதான். 60 சீட்டுகளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பார்க்கக்கூடியதற்கு நிகழ்தகவு எதற்கு? இந்த 34-ஐப் பார்க்க முடியாது. ரகசிய வாக்கெடுப்பு என்பதால் பார்க்கவும் கூடாது. எத்தனை முறை மறுபடி எண்ணினாலும் அவை பெட்டிக்குள் மற்றவற்றோடுதான் இருக்கும். நிகழ்தகவு தேவைப்படும் இடம் இது.

கேள்வியை இப்படி வையுங்கள்: எண்ணிய 6,759 வாக்குகளிலிருந்து ஏதோ 34-ஐக் கண்ணை மூடிக்கொண்டு உருவினால் முடிவு மாற என்ன வாய்ப்பு? மாற வேண்டுமானால் உருவிய 34-ல் 27 முந்தியவருடையதாக இருக்க வேண்டும் (27 − 7 = 20). எதிர்பார்ப்பு 17, திட்ட விலக்கம் 2.9. வாய்ப்பு 2,000-ல் 1-க்கும் குறைவு.

நியூயார்க் நீதிமன்றங்களில் இதே வடிவத்தில் இரண்டு வழக்குகள் வந்தன. 1968-ன் இப்போலிட்டோ வழக்கில் 1,422-க்கு 1,405, வித்தியாசம் 17, முறையற்ற வாக்குகள் 101. வித்தியாசம் அழிய 101-ல் 59 வென்றவருடையதாக இருக்க வேண்டும். கண்ணை மூடி உருவினால் அதற்கு வாய்ப்பு 100-ல் சுமார் 6. மறுதேர்தலுக்கு உத்தரவாயிற்று. 1970-ன் டி மார்ட்டினி வழக்கில் 5,250 வாக்குகள், வித்தியாசம் 62, முறையற்றவை 136. அங்கே 136-ல் 99 வேண்டும். எதிர்பார்ப்பு 69, திட்ட விலக்கம் 6-க்கும் குறைவு, ஐந்து விலக்கத்துக்கு அப்பால் இருக்கிறது. மறுதேர்தல் கிடைக்கவில்லை. முறையற்ற வாக்குகள் வித்தியாசத்தைவிடக் கூடுதல் என்பது இரண்டு வழக்குக்கும் பொது. ஆகவே "34 என்பது 19-ஐவிடப் பெரிது, தேர்தல் செல்லாது" என்று உங்களிடம் யாராவது வந்தால், அந்த ஒப்பீடு மட்டும் போதாது என்பதற்கு இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

கண்ணை மூடி உருவுவது என்ற ஊகமும் சோதிக்கப்பட வேண்டியதே. அந்த 34 பேரும் எந்தச் சாவடியில் கையொப்பமிட்டார்கள் என்பது பட்டியலில் இருக்கும். எல்லோரும் முந்தியவருக்கு 70 சதவீதம் விழுந்த ஒரே சாவடியில் வாக்களித்திருந்தால், எதிர்பார்ப்பு 17-லிருந்து 24 ஆகிறது. 27-ஐத் தொடும் வாய்ப்பு 100-ல் 15 அளவுக்கு ஏறுகிறது. ஐந்து சாவடியிலும் பரவியிருந்தால் முதல் கணக்கே ஏறத்தாழ நிற்கும். அதே சமயம், "இந்தச் சாவடியில் 70 சதவீதம், ஆகவே 34-ல் 24-ஐ அவரிடமிருந்து கழி" என்று செய்துவிடாதீர்கள். வாஷிங்டன் மாநிலத்தின் 2004 ஆளுநர் தேர்தல் வழக்கில் வைத்த வாதம் இதுதான். அங்கே முதல் எண்ணிக்கையில் டினோ ரோஸி 261 முன்னிலை, எந்திர மறு எண்ணிக்கையில் 42, கை எண்ணிக்கையில் கிறிஸ்டீன் கிரெகோயர் 129 முன்னிலை. தகுதியற்றவர்களின் வாக்குகளைச் சாவடி விகிதப்படி கழிக்கச் சொன்னது ரோஸி தரப்பு. 2005 ஜூனில் நீதிபதி அதை ஏற்கவில்லை. தகுதியில்லாமல் வாக்களித்த 34 பேர், அந்தச் சாவடியின் மற்ற வாக்காளர்களைப் போலவே வாக்களித்தார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. விகிதம் ஆபத்தின் அளவைச் சொல்லும், வாக்கைக் கழிக்கும் உரிமையைத் தராது.

உங்கள் குழுவில் யாரும் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். தகராறு 60, தகுதியற்ற 34, தவறான அடுக்கில் விழுந்த ஏழெட்டு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் "1 சதவீதம்கூட வாய்ப்பில்லை" என்று சொல்லித் தள்ளிவிடலாம். மூன்றும் ஒரே தேர்தலில் சேர்ந்து வருகின்றன. அப்போது திட்ட விலக்கங்களைக் கூட்டக் கூடாது, அவற்றின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும். வித்தியாசத்தின் மேல் 60 தகராறுச் சீட்டுகள் தருவது 60, தகுதியற்றவை தருவது 34, இடம் மாறிய ஏழு சீட்டு தருவது 4 × 7 = 28. மொத்தம் 122, வர்க்கமூலம் 11. புரட்ட வேண்டிய தூரம் இப்போது 1.7 திட்ட விலக்கம்தான், வாய்ப்பு 100-ல் 4 அளவு. தனித்தனியே ஒன்றும் இல்லாததுபோல இருந்தவை சேர்ந்ததும் 25-ல் 1 ஆகிவிட்டன. நாணய ஊகத்தை முழுதாக ஏற்றுக்கொண்டால்கூட இந்த நிலை. ஆகவே பிந்தியவர் கேட்கும் மறு எண்ணிக்கை நியாயமானது. கொடுத்துவிடுங்கள்.

மாதிரி எடுத்துச் சரிபார்த்தால் போதாதா என்று யாராவது கேட்கலாம். கொலராடோ 2017 முதல் மாநிலம் முழுக்க அப்படிச் செய்கிறது, நல்ல முறைதான். ஆனால் சீட்டுகளைக் குலுக்கி எடுத்துப் பார்த்து வென்றவரை உறுதிசெய்ய வேண்டிய மாதிரியின் அளவு, வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் போகும். 10 சதவீத வித்தியாசம் என்றால் சில நூறு சீட்டு போதும், உங்களுடைய 0.28 சதவீதத்துக்குக் கணக்குப் போட்டால், இருக்கும் மொத்தச் சீட்டுகளையும் தாண்டிவிடும். முழுதாக எண்ணுவதுதான் வழி.

எண்ணத் தொடங்குமுன் சீட்டுக் கணக்கு. அச்சிட்டவை, வழங்கியவை, மீந்தவை, கெட்டுவிட்டதென்று வாக்காளர் திருப்பித் தந்தவை என்று சாவடிவாரியாக எழுதுங்கள். வழங்கியதற்கு அடிக்கட்டையும் கையொப்பப் பட்டியலும் இரு சாட்சிகள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பெட்டியில் இருப்பது, வழங்கியதில் திருப்பித் தந்ததைக் கழித்த எண்ணைவிட ஒன்றிரண்டு குறையலாம். சிலர் சீட்டைப் பெட்டியில் போடாமல் கையோடு கொண்டுபோய்விடுவார்கள். ஒன்றுகூட அதிகமாக இருக்கக் கூடாது. அதிகமாக இருந்தால் அந்தச் சாவடியில் நிறுத்துங்கள்; அது எண்ணும் பிரச்சினை அல்ல, சீட்டு எங்கிருந்து வந்தது என்ற பிரச்சினை.

அடுத்தது விதி. 60 சீட்டில் ஒன்றையும் திறப்பதற்கு முன்னால், எந்தக் குறி செல்லும், எது செல்லாது என்று எழுதி, இரு வேட்பாளர்களிடமும் கையொப்பம் வாங்குங்கள். 2000-ல் ஃபுளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசத்தில் அமெரிக்க அதிபர் தேர்தலே நின்றது. அங்கே பல இடங்களில் சீட்டில் துளையிட்டு வாக்களித்தார்கள். ஒரு மாவட்டத்தில் துளையிட்ட காகிதத் துணுக்கு ஒரு மூலை பெயர்ந்திருந்தால் வாக்கு, இன்னொன்றில் பள்ளம் விழுந்தாலே வாக்கு என்று எண்ணினார்கள். ஒரே சீரான விதி இல்லாததைக் காட்டித்தான் 2000 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையை நிறுத்தியது. பிறகு செய்தி நிறுவனங்கள் சேர்ந்து, எண்ணப்படாமல் போன 1,75,010 சீட்டுகளையும் ஆராயச் செய்தன. தோற்ற வேட்பாளர் அல் கோர் தரப்பு கேட்ட நான்கு மாவட்டங்களை மட்டும் எண்ணியிருந்தால், வென்றதாக அறிவிக்கப்பட்ட ஜார்ஜ் புஷ்ஷே வென்றிருப்பார். மாநிலம் முழுக்க எல்லாத் தகராறுச் சீட்டுகளையும் எண்ணியிருந்தால் கோர் மெல்லிய வித்தியாசத்தில் முந்தியிருப்பார் என்று வந்தது. எந்தச் சீட்டுகளை, எந்த விதியில் எண்ணுவது என்பதே வெற்றியாளரைத் தீர்மானிக்கும்போது, அந்த விதியை எண்ணிக்கை தெரிந்த பிறகு வகுப்பது நேர்மையாக இருக்க முடியாது.

அந்த விதி 60-க்கு மட்டும் பொருந்தினால் போதாது. முதல் நாள் யாரும் ஆட்சேபிக்காததால் ஏற்கப்பட்ட 6,759-லும், வெற்று என்று ஒதுக்கிய 21-லும் அதே மாதிரிக் குறிகள் இருக்கும். முகவர் சுறுசுறுப்பாக இருந்த மேசையில் தகராறு, தூங்கிய மேசையில் வாக்கு என்று ஆகிவிடக் கூடாது. எல்லாச் சீட்டுக்கும் அதே அளவுகோல்.

எண்ணும் முறையில் ஒரே ஒரு மாற்றம் பெரும்பாலான தவறுகளைத் தடுக்கும்: பிரித்துப் பார்ப்பதையும் எண்ணுவதையும் ஒரே கையில் கொடுக்காதீர்கள். முதல் சுற்றில், கட்டில் உள்ள எல்லாம் ஒரே பெயருக்குத்தானா என்று குறியை மட்டும் பார்த்துப் புரட்டுங்கள், எண்ணாதீர்கள். இரண்டாம் சுற்றில் தாள்களை மட்டும் எண்ணுங்கள், குறியைப் பார்க்காதீர்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது மனம் எண்ணிலேயே நின்றுவிடும், மாறிக் கிடக்கும் சீட்டு கண்ணில் படாது. முந்தைய எண்ணைக் கட்டின் மேல் எழுதி வைக்க வேண்டாம். ஐம்பது என்று எழுதியிருந்தால் ஐம்பதுதான் வரும்.

பிரித்துப் பார்க்கும் சுற்றை இரண்டு அணிகள் தனித்தனியே செய்யட்டும். மாறிக் கிடக்கும் சீட்டை எடுக்காமல், கட்டு எண்ணையும் எத்தனையாவது தாள் என்பதையும் மட்டும் தன் தாளில் குறிக்க வேண்டும். முதல் அணி 12 கண்டது, இரண்டாம் அணி 10 கண்டது, இரண்டுக்கும் பொது 8 என்று வந்தால், மொத்தத் தவறுகள் 12 × 10 ÷ 8 = 15 என்று மதிப்பிடலாம். இரண்டும் சேர்ந்து கண்டவை 14. ஆகவே இன்னும் ஒன்று மறைந்திருக்கலாம். பொது 3 மட்டுமே என்றால் மதிப்பீடு 40, கண்டவையோ 19. மூன்றாம் அணி இல்லாமல் முடிக்கக் கூடாது. மங்கலான குறி இரு அணியின் கண்ணையும் ஒரே மாதிரி ஏமாற்றும் என்பதால் இந்த மதிப்பீடு எப்போதும் கொஞ்சம் குறைவாகவே சொல்லும். அதற்கேற்பக் கூட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

60 சீட்டுகளின் தீர்ப்பைக் கடைசிக்கு வையுங்கள். ஓர் அட்டையில் குறியிடும் இடம் மட்டும் தெரியும்படி சாளரம் வெட்டி, பெயர்களை மறைத்து, முதலில் செல்லும் அல்லது செல்லாது என்பதை மட்டும் இருவர் தனித்தனியே எழுதட்டும். இருவரும் ஒத்துப்போனவை முடிந்தன. வேறுபட்டவை மூன்றாமவருக்குப் போகட்டும். பெயர் யாருக்கு என்பது பிறகு. சீட்டில் பெயர் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததால் இந்த மறைப்பு முழுமையானதல்ல. ஆனாலும் ஒவ்வொரு சீட்டுக்கும் "இதனால் யாருக்கு லாபம்" என்று மனம் ஓடுவதை அது தாமதப்படுத்தும். ஒரே ஒரு சீட்டு எதைச் செய்யும் என்பதை வர்ஜீனியா காட்டியிருக்கிறது. 2017-ல் அங்கே ஒரு சட்டமன்றத் தொகுதியின் மறு எண்ணிக்கையில் ஷெல்லி சைமண்ட்ஸ் 11,608, டேவிட் யான்சி 11,607. இரு பெயருக்கும் குறியிட்டு, ஒன்றைக் கோட்டால் அடித்திருந்த ஒரு சீட்டை நீதிபதிகள் யான்சிக்குக் கொடுத்தார்கள். சமநிலை. 2018 ஜனவரி 4-ல் கிண்ணத்திலிருந்து சீட்டு எடுத்து யான்சி வென்றதாக அறிவித்தார்கள்.

எத்தனை முறை எண்ணுவது என்பதையும் முன்னதாகவே எழுதிவிடுங்கள். தோற்றவர் கேட்கும்போதெல்லாம் எண்ணினால், ஒருவர் வெல்லும் வரை எண்ணுவதாக ஆகிவிடும். இரண்டு எண்ணிக்கைகள் மாறுபட்டால் சராசரி எடுக்கவோ பெரும்பான்மை பார்க்கவோ கூடாது. எந்தக் கட்டில் மாறுகிறது என்று பிடித்து, அந்தக் கட்டை மட்டும் இரு முகவர் முன்னிலையில் ஒவ்வொரு தாளாக மேசையில் பரப்புங்கள். உண்மையான எண் ஒன்றுதான், அது கட்டுக்குள் இருக்கிறது.

எல்லாம் முடிந்தபின் கிடைக்கும் புதிய வித்தியாசத்தை வைத்து 34-ன் கணக்கை மறுபடி போடுங்கள். வித்தியாசம் 19-லிருந்து 5 ஆகிவிட்டால் 27-க்குப் பதில் 20 போதும், வாய்ப்பு 100-ல் 20-ஐ நெருங்கும்; 40 ஆகிவிட்டால் 34-ம் சேர்ந்தாலும் மாற்ற முடியாது. மறுதேர்தலுக்குப் போவதற்கான எல்லையை, 100-ல் எத்தனை என்று, மறு எண்ணிக்கை தொடங்கும் முன்பே உங்கள் குழு தீர்மானமாக எழுதி முத்திரையிட்டு வைக்க வேண்டும். சங்க விதியில் இதற்கு ஏற்கெனவே வழி சொல்லியிருந்தால் அதுவே செல்லும். இப்போது எல்லாப் பெட்டிகளுக்கும் சீல் வைத்து, சீல் எண்களை இரு தரப்பு முகவர்களும் எழுதிக்கொண்டார்களா என்று இன்றே பாருங்கள். அது நடக்காமல் போனால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் யார் முன்னும் நிற்காது.